எட்டிப் பார்க்க வைத்த ஓட்டை

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் நெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியவன் பெயர் காளிராஜ். "மேடம், உங்க வீட்டு லைன்ல இருந்து வெளியூர் கம்ப்யூட்டருக்கெல்லாம் தாக்குதல் போய்க்கிட்டு இருக்கு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா லைனைக் கட் பண்ணச் சொல்லி உத்தரவு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரைத் தாக்கினேன்? காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து, மீன் கழுவி, சாயங்காலம் துபாயில் இருக்கிற நாலு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த நாலில் ஒன்றுக்கு இரண்டு அடி போடலாம் என்று தோன்றியதுண்டு. அதற்கு மேல் யாரையும் தாக்கும் எண்ணம் எனக்கு வந்ததில்லை. அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

"நீங்க இல்ல மேடம், உங்க ரவுட்டரு. எவனோ உள்ள புகுந்து உக்காந்திருக்கான். அதுல கம்பெனி சாஃப்ட்வேரே இல்லையே, யாரு மாத்தினா?"

வேறு யார்? என் வீட்டுக்காரர் கிளாட்வின்தான். சரக்குக் கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசர். ஓடுகிற சாமானைத் தூக்கிப்போட்டால் அவருக்கு உயிரே போய்விடும். ரவுட்டர் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. செய்த கம்பெனிக்காரனே மூன்றாம் வருஷம் அதைக் கைகழுவிவிட்டான். உலகத்தில் எங்கெங்கேயோ இருக்கிற ஆட்கள் சம்பளம் வாங்காமல் எழுதி நெட்டில் போடும் மென்பொருளை இவர் இறக்கி அதில் ஏற்றினார். அன்றைக்குக் குழந்தை பிறந்த மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காளிராஜ், "அதைத் தூரப் போடுங்க, நாங்க புதுசு வைக்கோம்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கிளாட்வினுக்கு மெசேஜ் அனுப்பினேன். அரை மணியில் பதில்: வேண்டாம், புதுப் பெட்டி வைக்கவே வேண்டாம், பழையதில் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றினால் போதும், நான் சொல்கிறபடி நீ செய். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு இத்தனை பிடிவாதம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

கப்பலைத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறதாம். மத்தியானம் கூப்பிட்டார்.

"ஏட்டி ரெஜினா, அவசரப்படாத. இது தப்பாப் போச்சுன்னா ரவுட்டர் செங்கல்லாயிரும், அப்புறம் எதுக்கும் ஒதவாது. மொதல்ல பேக்கப் எடுத்து லேப்டாப்ல வச்சிக்கோ. ஆனா அதைத் திரும்ப ஏத்தாத. பழைய செட்டிங்கும் புதுப் பதிப்பும் ஒத்துக்காது. அதனால ஒவ்வொரு பக்கமா திறந்து பாத்து நோட்ல கையால எழுது. புதுசு ஏறினப்புறம் கையாலதான் போடணும்."

"எத்தனை பக்கம் இருக்கு?"

"இருபது இருக்கும்." அதற்கப்புறம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். "ஒண்ணு விடாம எழுது" என்றார்.

இருபது பக்கம் கையால்! பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இந்தத் தண்டனை கொடுத்ததில்லை.

ரொமால்ட் இருந்தால் அவனை உட்காரவைத்து எழுத வைத்திருப்பேன். என் தம்பி. ஐஸ் கம்பெனியில் மெக்கானிக், வியாழக்கிழமை லீவு. வியாழன்தோறும் மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, போனில் ஏதாவது பார்த்துக்கொண்டு கிடந்து, மூன்று மணிக்குப் போவான். மூன்று வாரமாக வரவில்லை. வேலை அதிகம் போல.

அவன் வருவது கிளாட்வினுக்குத் தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் இவர்தான் சிபாரிசு பண்ணி ரொமால்டைத் தன் கப்பலில் ஏற்றினார். எங்கள் பரதவ ராஜா பாண்டியபதி காலத்திலிருந்து கடலில் கிடக்கிற பரம்பரை எங்களுடையது. இவனுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம்! இரண்டாம் மாசமே அழுது புரண்டு கொழும்பில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டான். ஏஜென்ட் ஆபீஸில் பத்துப் பேர் முன்னால் வைத்து, "உங்க ஆளுகளை இனி எங்ககிட்ட அனுப்பாதீங்க" என்று இவரிடம் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "உன் தம்பி இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்பா அம்மா இல்லாத பிள்ளை அவன். நான் என்ன செய்ய? ஆறு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். மூன்றரை வருஷமாக வருகிறான். இவர் லீவில் வீட்டில் இருக்கும்போது மட்டும் வருவதில்லை.

செப்டம்பர் 11, புதன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் பத்து மணிக்கு லேப்டாப்பை ரவுட்டரோடு ஒயரில் இணைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தேன். முதல் ஐந்து பக்கம் எண்களும் புள்ளிகளும். ஆறாவது பக்கம் வீட்டில் இணைகிற போன், டிவி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்த பட்டியல். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருக்கிறார். ரெஜினா போன். ரெஜினா லேப்டாப். டிவி. நான்காவது வரி: மச்சினன் போன்.

சேசுவே! மச்சினன் என்று இவருக்கு ஒருத்தன்தானே இருக்கிறான்.

பன்னிரண்டாவது பக்கத்தில் இன்னொன்று. தினமும் காலை ஆறு மணிக்கு இந்த ரவுட்டரிலிருந்து அவருக்கு ஒரு மெயில் போகிறது. ரவுட்டருக்குப் பின்னால் ஒரு பென் டிரைவ் செருகியிருக்கும், நான் அதை ரவுட்டரின் உறுப்பு என்றே நினைத்திருந்தேன். கழற்றி லேப்டாப்பில் போட்டேன். நாளுக்கு ஒரு கோப்பு, நாலு வருஷத்துக்கு. எந்த போன் எத்தனை மணிக்கு வீட்டு வைஃபைக்குள் வந்தது, எத்தனை மணிக்குப் போனது. நான் பூசைக்குப் போனது, மீன் வாங்கப் போனது, பக்கத்துத் தெரு அமலி வீட்டில் உட்கார்ந்து அரட்டை அடித்துவிட்டுத் தாமதமாக வந்தது எல்லாம் இருக்கிறது. வியாழக்கிழமைக் கோப்புகளில் மச்சினன் போன், உள்ளே பன்னிரண்டு நாற்பது, வெளியே மூன்று பத்து. வாரம் தவறாமல் இருக்கிறது.

போன தடவை லீவில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே, "ரொமால்டைப் பாத்தியா?" என்று சும்மா கேட்ட மாதிரி கேட்டார். "அவனைப் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்று குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். அவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டா இந்த மனுஷன் தலையை ஆட்டினார்?

சாயங்கால வகுப்பில் மூன்றில் இரண்டையும் நாலில் மூன்றையும் கூட்டிப் பத்து என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தன.

செப்டம்பர் 12, வியாழன்

விளமீன் குழம்பு வைத்தேன். ஒரு ஆள் சாப்பாடு மிஞ்சிப்போனது. பழக்கதோஷம்.

நாள் முழுக்க ஒரே யோசனை. எதற்காக இத்தனை கோப்பையும் சேர்த்து வைத்திருக்கிறார்? வருகிற மாசக் கடைசியில் கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்கு வேறு வருகிறார். வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்து, இது பொய்யா, இது பொய்யா என்று கேட்பாரோ? ஒரு நேரம் பயமாக இருக்கிறது. அடுத்த நேரம், கட்டின பெண்டாட்டியை நாலு வருஷம் ஒளிந்திருந்து பார்த்த ஆளுக்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஆத்திரம் வருகிறது. இரண்டும் மாறி மாறி வந்து தலைவலிதான் மிச்சம்.

செப்டம்பர் 13, வெள்ளி

புதிய பதிப்பில் இரண்டு கோப்பு இருக்கிறது. ஒன்று இந்த ரவுட்டரின் முதல் மாடலுக்கு, இன்னொன்று இரண்டாம் மாடலுக்கு. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி, உள்ளே வேறு வேறாம். மாற்றி ஏற்றினால் செங்கல்தான்.

"நம்மது முதல் மாடல்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று கிளாட்வின் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எதற்கும் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துவிடு என்றார். திருப்பிப் பார்த்தேன். லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் பனிமய மாதா படம் ஒட்டியிருக்கிறது.

நான் ஒட்டியதுதான். வீட்டை ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வந்த அன்று மிச்சமிருந்த படத்தையெல்லாம் ஃபிரிட்ஜ், மோட்டார், மீட்டர் பெட்டி என்று ஒன்று விடாமல் ஒட்டினேன். ரவுட்டருக்கு மேல் பக்கம் சூடாக இருந்ததால், பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டியிருக்கிறேன். மாடல் எண்ணின் மேல் மாதாவை உட்காரவைத்த புத்திசாலி தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிய்க்க மனசே வரவில்லை. 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஒன்று சொல்லிவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். கிழியாமல் வந்தது. அடியில் சின்ன எழுத்தில்: மாடல் இரண்டு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடலில் ஆயிரம் சுவிட்ச் பார்க்கிற மனுஷன், நல்லா ஞாபகம் இருக்கு என்கிறார்! போட்டோ எடுத்து அனுப்பினேன். "யம்மாடி" என்று ஒரே வார்த்தை பதில் வந்தது.

இரண்டாம் மாடலின் கோப்பை இறக்கினேன். கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அறுபத்து நான்கு எழுத்து அடையாளம் ஒன்று அவர்கள் பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப் அதே கணக்கைப் போட்டு ஒன்று காட்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஜெபமாலை உருட்டுகிற மாதிரி விரல் வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே வேறு! இறங்கும்போது நடுவில் நெட் அறுந்து பாதிக் கோப்புதான் வந்திருக்கிறது. அதை ஏற்றியிருந்தால்? திரும்ப இறக்கினேன். இந்தத் தடவை அறுபத்து நான்கும் சரி. மூன்று தரம் பார்த்தேன்.

ஆறாவது பக்கம் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, சனி

இன்றைக்கு மின்தடை ஏதாவது இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்தேன். இல்லை. ஆனாலும் ரவுட்டரையும் லேப்டாப்பையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். வைஃபையில் செய்யக் கூடாது, நடுவில் விட்டுவிட்டால் தொலைந்தது என்று சொல்லியிருந்தார். ஒயரை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தேன். 'பழைய செட்டிங்கை வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எடுத்தேன். காலை பதினொன்று ஐந்துக்குப் பட்டனை அமுக்கினேன்.

ரவுட்டரில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது.

பத்து நிமிஷம் எது நடந்தாலும் தொடாதே என்பது அவர் உத்தரவு. கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நாலாவது நிமிஷம் ஒரு விளக்கு மட்டும் படபடவென்று துடித்தது. ஏழாவது நிமிஷம் அதுவும் நின்றுபோனது. போச்சு, செங்கல்! என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒன்பதாவது நிமிஷம் பச்சை விளக்கு ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் எல்லாம் எரிந்தது. அழுதேவிட்டேன்.

அப்புறம் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டேன். கடவுச்சொல் புதிது. வைஃபை பெயர் பழையதே. பதினான்காவது பக்கத்துக்கு வந்தபோது நான் எழுதி வைத்திருந்த ஒரு வரி எனக்கே உறைத்தது: வெளியிலிருந்து உள்ளே வர அனுமதி, திறந்திருக்கிறது. புதன்கிழமை இருந்த நிலையில் என்ன ஏது என்று பார்க்காமல் எழுதியிருக்கிறேன். கப்பலிலிருந்து இந்த ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்க அவர் திறந்து வைத்த வழி அது.

காளிராஜுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதேதான் மேடம்! பழைய சாஃப்ட்வேர்ல ஓட்டை இருந்தாலும், வெளிய கதவு சாத்தியிருந்தா அவன் வந்திருக்கவே முடியாது" என்றான்.

அந்தக் கதவைத் திறக்கவில்லை. மெயில் அனுப்பும் வரியையும் போடவில்லை. பென் டிரைவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மச்சினன் போன் என்ற பெயரை மட்டும் போட்டேன்.

நாலு மணிக்குக் காளிராஜ் கூப்பிட்டு, தாக்குதல் நின்றுவிட்டது, லைனைக் கட் பண்ண மாட்டோம் என்றான். சந்தோஷப்பட வேண்டும். எழுந்து போய் அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் போட்டியா?"

"போட்டேன்."

"இன்னைக்குக் காலையில மெயில் வரலையே."

வெட்கமே இல்லாமல் கேட்கிறார்! அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "வராது. நான் போடலை. நான் என்ன உங்க கப்பல் சரக்கா, எப்ப ஏத்துனாங்க எப்ப எறக்குனாங்கன்னு கணக்கு வைக்க? நீங்க எட்டிப் பாக்க வச்ச ஓட்டை வழியாத்தான் திருடன் வந்து உக்காந்திருக்கான், தெரியுமா ஒங்களுக்கு? ஊரு ஒலகத்தையெல்லாம் நான் தாக்குதேன்னு நெட் ஆபீஸ்காரன் என்கிட்ட போன்ல சொல்லுதான்! அசிங்கமா இல்லையா?"

திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். "தப்புதான்" என்றார்.

அவரே தொடர்ந்தார். "மொதல்ல வேவு பாக்கணும்னு வைக்கலட்டி. நடுக்கடல்ல பத்து நாள் பேச வழி இருக்காது. அந்த மெயில் மட்டும் எப்படியாவது வந்துரும். அதுல உன் போன் பேரு இருந்தா, சரி, வீட்ல நல்லா இருக்கான்னு ஒரு நிம்மதி. அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு."

"அப்போ மச்சினன் போன்?"

"ஒரு வியாழக்கிழமை புதுசா ஒரு போன் தெரிஞ்சுது. அடுத்த வியாழனும் வந்துச்சு. பொய் சொல்லல, என் புத்தி எங்கெங்கயோ போச்சு. போன் மாடலைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. கப்பல் ஏறும்போது அவனுக்கு நான் வாங்கிக் குடுத்ததுதானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வரக் கூடாதுன்னு சொன்ன வாயால என்னன்னு சொல்லுதது? நீயா சொல்லுவன்னு பாத்தேன். கேட்டும் பாத்தேன். நீ சொல்லல. அதான் இப்ப எல்லாத்தையும் கையால எழுதச் சொன்னேன். எழுதினா பாத்துருவ, பாத்தா சண்டைக்காவது வருவன்னு."

இருபது பக்கம் எழுதச் சொன்னது இதற்காகவா? "இனிமே ஏதாவது தெரியணும்னா என்கிட்ட வாயத் திறந்து கேளுங்க. மெசினைக் கேக்காதீங்க" என்றேன்.

"சரி, கேக்கேன்" என்றார். உடனே கேட்டார். "நாலு வாரமா ரொமால்டு போன் வரலை. அவனுக்கு என்ன? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ரெஜினா? கேக்குதா?" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். கேட்டது. நான்தான் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது.

இந்த நோட்டில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வேலை அதிகம் போல என்று எழுதினேன் அல்லவா, அது பொய். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளும் வியாழனும் சேர்ந்து வந்தது. இவர் இறங்கும் தேதி அன்றைக்குத்தான் உறுதியானது. ரொமால்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அத்தான் வாறாங்க. இனி நீ இங்க வராத. யாராவது பாத்துச் சொல்லிட்டா எனக்குத்தான் அசிங்கம்" என்றேன். லீவு முடிகிற வரைக்கும் என்று சொல்லவில்லை. வராதே என்றுதான் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் வாசலைப் பார்த்துப் பார்த்துப் பயந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 16, திங்கள்

ரொமால்டுக்கு ஐந்து தரம் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

கப்பல் டர்பனிலிருந்து கிளம்பிவிட்டது. கிளம்புமுன் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். "எனக்குக் கோவம் இல்லன்னு அவன்கிட்ட நீ போய்ச் சொல்லு. நான் வந்து பேசுதேன்." அவ்வளவுதான் இருந்தது.

குழம்பும் சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்தில் அவன் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனது இதுதான் முதல் தரம். கதவைத் திறந்தவன் இளைத்திருந்தான். "என்னக்கா?" என்றான்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில் மூச்சுவிடாமல் கொட்டினேன். ரவுட்டர், பட்டியல், மெயில், வியாழக்கிழமைக் கோப்பு, எல்லாவற்றையும். "அத்தானுக்கு மொதல்ல இருந்தே தெரியும்லே. மூணரை வருஷமா தெரியும். கோவமே இல்ல. நீ வரலையேன்னு அவங்கதான் கேட்டாங்க." சந்தோஷப்படுவான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

முகம் வெளுத்துப்போனது. கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ இந்த மூணரை வருஷத்துல என்னைய வராதன்னு சொன்னது நீ மட்டும்தானாக்கா?"

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? தூக்குச்சட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை.